எரிக்கச் சொன்ன காகிதங்கள்

அன்புள்ள ஐயா,

நான் தேவகோட்டை. கல்லூரியில் கடைசி வருடம். அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை 1887-இல் மனநோயாளியாக நடித்து நியூயார்க் காப்பகத்துக்குள் பத்து நாள் இருந்து, அங்கே நடந்த கொடுமைகளை எழுதியதைப் படித்தேன். அவரைப் போல ஆக ஆசை. அப்பச்சி (அப்பா) "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்கிறார். எங்கே, என்ன படிக்கலாம்? (வீட்டை ஓட்டலுக்கு விடப்போகிறார்கள். மாடி அறையில் கிடக்கும் பழைய கணக்குப் பேரேடுகளை எடைக்குப் போடும் வேலை நடப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.)

எம்.

அன்புள்ள எம்.,

அந்த அடைப்புக்குறியைப் படித்ததும் பகீர் என்றது.

நெல்லி பிளை பெரிய ஆள்தான், சரி. ஆனால் வேடம் போடும் துணிச்சலைப் பார்த்து மயங்குகிறவர்கள் ஐடா டார்பெல் என்ற இன்னொரு அமெரிக்கப் பத்திரிகையாளரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பென்சில்வேனியாவின் எண்ணெய் வயல்களில் வளர்ந்தவர். அப்பா எண்ணெய் பிடிக்க மரத்தொட்டி செய்து விற்றவர். 1872-இல் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி முதலாளி ராக்ஃபெல்லரின் தரப்பு ரயில் கம்பெனிகளோடு ரகசிய ஒப்பந்தம் போட்டது. தங்கள் சரக்குக்குக் கட்டணத்தில் தள்ளுபடி. அதோடு எதிராளி கட்டும் கட்டணத்திலும் தங்களுக்கு ஒரு பங்கு! சிறு வியாபாரிகள் நொடித்துப் போனதை ஐடா பதினாலு வயதில் பார்த்தார். முப்பது வருடம் கழித்து, 1902-இல், ஸ்டாண்டர்டு ஆயில் பற்றி எழுத உட்கார்ந்தார். "வேண்டாம்" என்று தடுத்தது அவருடைய அப்பாவேதான். உங்கள் அப்பச்சி விஷயத்துக்கு இதற்கு மேல் பதில் இல்லை.

அவர் நம்பியது காகிதத்தை. வழக்குமன்றச் சாட்சியங்கள், விசாரணைக் கமிஷன் அறிக்கைகள் என்று தேடித் தேடிப் படித்தார். அந்தக் கம்பெனி ஆபீஸில் மாதாமாதம் காகிதங்களை எரிக்கும் வேலை ஒரு பையனுக்கு. ஒருநாள் அதில் தன் ஞாயிறுபள்ளி ஆசிரியரின் பெயரைப் பார்த்தான். அவர் எதிர்த்தரப்பு எண்ணெய் வியாபாரி. அவர் சரக்கு எங்கே போகிறது என்று ரயில்வே குமாஸ்தாக்களே கம்பெனிக்குத் துப்புக் கொடுத்த கதை அதில் இருந்தது. சுற்றிச் சுற்றி அவை ஐடா கைக்கு வந்தன. அவர் எழுதிய பத்திரிகைத் தொடர் பத்தொன்பது பகுதிகள். 1911-இல் அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்பில் கம்பெனி 34 துண்டானது. (இதே ஐடா பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்றவர். அதை இன்னொரு நாள் பேசலாம்.)

என் அப்பத்தா எட்டு வயதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவர். பர்மாவில் எங்கள் வட்டித்தொழில் நடந்த கிட்டங்கியிலிருந்து ஏஜெண்டு மூன்று வருடக் கணக்கை முடித்து ஐந்தொகையோடு (வரவு செலவு இருப்புக் கணக்கு) வந்தபோது, அந்த ஏஜெண்டு வீட்டுக்கு எழுதிய கடுதாசிகளைத் தேதிவாரியாக அடுக்கி ஒத்துப் பார்த்தாராம். கடுதாசியில் வசூலான கடன், பேரேட்டில் வாராக்கடனாக இருந்தது. பணம் திரும்பி வந்தது. பெருமை என் ஐயாவுக்கு, அதாவது தாத்தாவுக்குப் போனது.

அந்தப் பேரேடுகளைத்தான் கிலோ கணக்கில் போடுகிறீர்கள்! ஆத்தங்குடித் தரைக்கல்லையும் தேக்குத் தூணையும் நாள்பூராப் படம் பிடித்துப் போடுகிறீர்கள். அந்தத் தேக்கு எந்தப் பணத்தில் வந்தது, யாருடைய நெல்வயல் எந்த வட்டிக்கு மூழ்கியது என்பதெல்லாம் அந்தச் சிவப்புத்துணி அட்டைக்குள் இருக்கிறதம்மா. நமக்குச் சங்கடமான கணக்கும் அதில் இருக்கும். இருக்கட்டுமே. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா மற்றவர்கள் கழித்துப்போட்ட அச்சுக் காகிதங்களைச் சேர்த்தார். இன்று சென்னையில் ஒரு நூலகமே நிற்கிறது. படித்த பிள்ளை நீங்கள் எடைக்குப் போடுகிறீர்கள்.

படிப்புக்குச் சென்னையில் இடங்கள் இருக்கின்றன, அப்புறம் எழுதுகிறேன். முதலில் எடைக்காரரைத் திருப்பி அனுப்புங்கள். மாடி அறையைப் பூட்டுங்கள். சாவி எந்தப் பங்காளி கையிலும் போக வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும்.