இங்கிலாந்தில் கிரெடிட் செக்கில் ஃபெயில் ஆனால் ஹோல்டிங் டெபாசிட் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும், படிவத்தில் நீங்கள் பொய் எழுதாத வரை.

லண்டனில் வீடு பிடித்துப்போய், அதை வேறு யாருக்கும் தராமல் நிறுத்திவைக்க ஒரு வார வாடகையை ஹோல்டிங் டெபாசிட்டாகக் கட்டினேன், கடன் வரலாற்றைப் பார்க்கும் கிரெடிட் செக் சரியாக வரவில்லை, இப்போது வீடும் இல்லை பணமும் இல்லை என்கிறார் ஏஜென்ட் என்று கேட்டிருக்கிறீர்கள். என் கதையும் இதேதான், ஊர் மட்டும் ரெடிங்.

கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மாத வாடகை 1,300 பவுண்டு, ஹோல்டிங் டெபாசிட் 300. (வாடகையை 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுத்தால் வருவதுதான் சட்டம் அனுமதிக்கும் உச்சத் தொகை. உங்களிடம் அதற்கு மேல் வாங்கியிருந்தால் அதுவே தனிச் சட்டமீறல்.) நாலாம் நாள் போன் வந்தது: கிரெடிட் செக் ஃபெயில், வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். யாரையோ ஏமாற்றி மாட்டிக்கொண்டவன் மாதிரி கூசிப்போனேன். உண்மையில் என் பெயரில் கெட்ட பதிவு எதுவும் இல்லை. பதிவே இல்லை, அதுதான் பிரச்சினை. ஊரில் தவணை தவறாமல் கட்டிய வீட்டுக்கடனும் சிபில் ஸ்கோரும் இங்கே யார் கண்ணிலும் படாது.

சரி, பணம்? ரசீதிலேயே 'திருப்பித் தரப்படாது' என்று போட்டிருக்கிறதே என்றார் ஏஜென்ட். கையெழுத்துப் போட்டுத் தொலைத்தோமே என்று பத்து நாள் சும்மா இருந்துவிட்டேன். அப்புறம்தான் அலுவலக நண்பர் ஒருவர் டெனன்ட் ஃபீஸ் ஆக்டைப் படிக்கச் சொன்னார். 2019 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். ஏஜென்ட் ரசீதில் என்ன எழுதிக்கொண்டாலும் அதைத் தாண்டி நிற்காது.

அதன்படி பணத்தைப் பிடித்துவைக்க நான்கு காரணங்கள்தான் உண்டு: நீங்களே பின்வாங்குவது, ரைட் டு ரென்ட் (இங்கே வாடகைக்கு இருக்க உரிமை உண்டா என்று பார்க்கும்) சோதனையில் தேறாதது, கேட்ட காகிதங்களைக் கொடுக்காமல் இழுத்தடிப்பது, பொய்யான தகவல் தருவது. கிரெடிட் செக்கில் ஃபெயில் என்பது மட்டும் காரணமாகாது. ஆனால் படிவத்தில் 'கோர்ட் தீர்ப்பு எதுவும் இல்லை' என்று எழுதிவிட்டு, செக்கில் ஒரு சிசிஜே (கடன் கட்டாததற்கான கோர்ட் தீர்ப்பு) வெளிவந்தால் அது நான்காவது காரணத்தில் விழும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஓவர்டைமையும் சேர்த்து, 27,000 பவுண்டு சம்பளத்தை 32,000 என்று எழுதினார். அவருக்கு டெபாசிட் போனது போனதுதான். அவரும் அதைப் பெரிதாக எதிர்க்கவில்லை.

உங்கள் ஏஜென்ட் காரணத்தை எழுத்தில் கொடுத்தாரா? இதுதான் முக்கியம். வீடு தருவதில்லை என்று முடிவெடுத்த 7 நாளுக்குள் எழுத்தில் காரணம் சொல்லாவிட்டால், நியாயமான காரணம் இருந்தால்கூடப் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. என் ஏஜென்ட் எல்லாவற்றையும் போனிலேயே முடித்திருந்தார். நான் வீணாக்கியதாக நினைத்த பத்து நாள் கடைசியில் எனக்குத்தான் உதவியது.

போனில் கெஞ்சாதீர்கள், மெயில் போடுங்கள். பணம் கட்டிய தேதி, தொகை, ஃபெயில் என்று சொன்ன தேதி, நான் தந்த தகவல் எல்லாம் உண்மை, எழுத்தில் காரணம் வரவில்லை. இவ்வளவுதான் எழுதினேன். கடைசி வரியாக, ஒரு வாரத்தில் பணம் வராவிட்டால் வணிக விதிமீறல்களைக் கவனிக்கும் கவுன்சிலின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுக்கும், ஏஜென்ட் உறுப்பினராக உள்ள குறைதீர்ப்புத் திட்டத்துக்கும் புகார் செய்வேன் என்று சேர்த்தேன். இங்கிலாந்தில் எல்லா ஏஜென்ட்டும் அப்படி ஒரு திட்டத்தில் சேர்ந்திருக்கவேண்டும்; புகார் செய்யக் கட்டணம் இல்லை. ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்றால் சட்டம் வேறு, அங்கே இதை அப்படியே ஒட்டவைக்காதீர்கள்.

அடுத்த வீடு பார்ப்பதற்குள் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். இந்தியர், இலங்கையர் எல்லாம் காமன்வெல்த் குடிமக்கள், இங்கே வசித்தால் நமக்கும் ஓட்டு உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. முகவரியை உறுதிசெய்ய கிரெடிட் நிறுவனங்கள் முதலில் பார்ப்பதில் அதுவும் ஒன்று.

எனக்கு ஐந்தாம் நாள் பணம் வந்தது. 300 இல்லை, 270. கிரெடிட் செக் செலவு 30 பவுண்டைக் கழித்துக்கொண்டார்களாம். அதை வாடகைக்கு வருபவரிடம் வாங்குவதையும் அதே சட்டம்தான் தடுக்கிறது. இன்னொரு மெயில் போட்டேன். இரண்டு நாளில் 30 பவுண்டும் வந்தது, ஒரு வரி பதில்கூட இல்லாமல்.