பிரேசில் பாம்புத் தீவுல சதுர மீட்டருக்கு ஒரு பாம்பு இருக்குன்னு சொல்றது உண்மையா?

ஊதிப் பெருசாக்குன கதை, நம்பாதீங்க. சாவோ பாலோ கடற்கரையிலேர்ந்து சுமார் 33 கிமீ தள்ளி இருக்குற கெய்மாடா கிராண்டிங்கிற இந்தத் தீவோட பரப்பே 43 ஹெக்டேர் தான், அப்போ கணக்கு போட்டா நாலு லட்சத்துக்கு மேல பாம்பு வேணும், ஆனா ஆய்வாளர்கள் மதிப்பீடு 2000லேர்ந்து 4000 வரைக்கும் தான்.

பாம்பு பேரு கோல்டன் லான்ஸ்ஹெட், குழிவிரியன் வகை, மஞ்சளா அழகா இருக்கும். உலகத்துலயே காட்டுல இது வாழுற ஒரே இடம் இந்தத் தீவு. சுமார் 11,000 வருஷம் முன்னாடி கடல் மட்டம் ஏறி தீவு தனியா பிரிஞ்சிருச்சு, அங்க எலி கிலி எதுவும் இல்ல, அதனால பெரிய பாம்புங்க மரமேறி வலசை வர்ற பறவைங்கள பிடிச்சு தின்னுது. மத்த விரியன்லாம் எலிய கடிச்சு விட்டுட்டு அப்புறமா தேடிப் போகும், இது விடாது, விட்டா பறவை பறந்துரும்ல!

லைட்ஹவுஸ்காரர் குடும்பத்தையே கடிச்சு கொன்னுச்சுன்னு சொல்றது வெறும் கதை. அங்க இது மனுஷன கடிச்சதா அதிகாரப்பூர்வ பதிவே கிடையாது.

உண்மையில மனுஷன பார்த்து பயப்பட வேண்டியது பாம்பு தான். முன்னாடி காட்ட எரிச்சாங்க, இப்போ திருட்டுத்தனமா பிடிச்சு கள்ளச்சந்தைல விக்கிறாங்க. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் பட்டியல்ல அழிவோட விளிம்புல இருக்குற இனம். பிரேசில் கடற்படை பொதுமக்கள யாரையும் உள்ள விடுறதில்ல, அனுமதி வாங்குன ஆய்வாளர்கள் மட்டும் போவாங்க, பாம்பு விஷத்த ஆராய்ச்சி பண்ற புட்டான்டன் இன்ஸ்டிட்யூட்ல கொஞ்சம் வளர்க்கவும் செய்றாங்க.