மாதாமாதம் பணம் தருமா காத்தாடி?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை. வயது 62, உடுமலைப்பேட்டைப் பக்கம் ஊர். ஓய்வூதியம் வருகிறது. பணிக்கொடையில் மிச்சம் 25 லட்சம் வங்கியில் இருக்கிறது. சொந்தக்காரப் பையன் ஒருவன் ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறான். 2006-இல் நிறுவிய 250 கிலோவாட் காற்றாலை ஒன்றை நான்கு பேர் சேர்ந்து வாங்குவது, ஆளுக்கு 20 லட்சம். வருடத்துக்கு 14 சதவீதம் உறுதி, மாதாமாதம் கணக்கில் விழுந்துவிடும், வருமான வரியும் மிச்சமாகும் என்கிறார்கள். இத்தனை வருடம் பிள்ளைகளுக்குக் காற்றாலை, சூரிய ஒளி என்று சொல்லிக்கொடுத்தேன். என் பணமும் அதற்குப் போகட்டும் என்று ஆசை. இன்னொரு பக்கம், ஒரு கம்பெனி எங்களுடைய மூன்று ஏக்கர் மேட்டாங்காட்டைக் காற்றாலைக்குக் குத்தகைக்குக் கேட்கிறது. இரண்டையும் செய்யலாமா?

பதில்: டீச்சர், முதலாவது வேண்டாம். இரண்டாவதைப் பேசிப் பார்க்கலாம், ஆனால் பத்திரத்தை வரி வரியாகப் படித்த பிறகு.

உங்கள் ஆசையில் குறையே இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் ஊருக்குக் கிடைத்த சொத்து. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் காற்றாலை நல்லது என்பது வேறு, அதன் பெயரைச் சொல்லி உங்களிடம் கேட்கும் 20 லட்சம் வேறு.

கணக்குப் போடுவோம். 250 கிலோவாட் இயந்திரம் வருடம் முழுக்க முழுத் திறனில் ஓடினால் 21.9 லட்சம் யூனிட் வரும். அப்படி எதுவும் ஓடாது. இவ்வளவு பழைய, உயரம் குறைந்த காத்தாடிக்கு அதில் 20 சதவீதம் என்று வைத்தால் சுமார் 4.38 லட்சம் யூனிட். 2006-இல் புதிய காற்றாலைகளுக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 2 ரூபாய் 90 காசு. அந்த விலைக்கே மின்வாரியத்துக்கு விற்கிறார்கள் என்றால் மொத்த வரவு 12.7 லட்சம். நான்கு பேருக்கும் 14 சதவீதம் கொடுக்க 11.2 லட்சம் வேண்டும். மீதி ஒன்றரை லட்சத்தில் பராமரிப்பு ஒப்பந்தம், இன்சூரன்ஸ், காவலாள் எல்லாம் முடிய வேண்டும். கியர்பாக்ஸ் ஒரு தடவை போனால் அந்த வருடக் கணக்கே கவிழ்ந்துவிடும். ஒன்றும் போகவில்லை என்றாலும் இயந்திரத்துக்கு வயது ஆகிவிட்டது. 20 வருடம் முடித்த காற்றாலைகளை மாற்றவோ ஆயுளை நீட்டிக்கவோ 2024-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அதற்கான செலவு யார் தலையில் என்று அந்தப் பையனிடம் கேட்டுப் பாருங்கள்.

அதைவிட எனக்கு உறுத்துவது ‘மாதாமாதம்’ என்ற வார்த்தைதான். உங்கள் பக்கத்தில் காத்தாடி வைகாசியில் வேகம் எடுத்து, ஆடியில் உச்சத்துக்குப் போய், புரட்டாசியில் ஓய்ந்துவிடும். வருட உற்பத்தியில் பெரும்பகுதி அந்த நான்கைந்து மாதத்தில்தான். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும் என்பது அறிவியல் ஆசிரியைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படியானால் தை மாதமும் அதே 23,000 ரூபாய் எங்கிருந்து வரும்? வாரியம் காற்றாலைக்காரர்களுக்குப் பணம் தர ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தடித்த காலமும் இருந்தது. அப்போதும் தவறாமல் மாதச் சம்பளம் போலப் பணம் வந்தால், அது அடுத்து சேர்ந்தவர் போட்ட பணம். மாதாமாதம் பணம் என்று சொல்லி முதலீடு வாங்கிய பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழிப் பண்ணைகள் 2012-இல் என்ன ஆயின என்று உங்களுக்குத் தெரியும்.

இப்படிப் பலரிடம் பணம் திரட்டி, வேறொருவர் நிர்வகித்து, லாபம் தருவதாகச் சொன்னால் அது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் அனுமதி பெற வேண்டிய கூட்டு முதலீட்டுத் திட்டமாக இருக்கலாம். அனுமதி இல்லாமல் டெபாசிட் வாங்குவதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ‘நாலு பேர்தானே’ என்பார்கள். இதே போல் எத்தனை நாலு பேரைப் பிடித்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

வரி மிச்சம் என்பதும் உங்களுக்குப் பொருந்தாது. காற்றாலைக்கு ஒரு காலத்தில் 80 சதவீதத் தேய்மானம் இருந்தது, 2017 ஏப்ரல் முதல் 40. இயந்திரத்தின் மதிப்பு வருடாவருடம் குறைவதாகக் காட்டி, அதைத் தொழில் லாபத்தில் கழித்துக்கொள்வதுதான் அது. உங்கள் ஓய்வூதியம் சம்பள வருமானம். தொழில் நஷ்டத்தைச் சம்பளத்தோடு ஈடுகட்ட முடியாது.

பிறகு எப்படி கோயம்புத்தூர், பல்லடம் மில்காரர்கள் காத்தாடியில் சம்பாதித்தார்கள்? அவர்கள் மின்சாரத்தை விற்கவில்லை, தங்கள் மில்லுக்கே பயன்படுத்தினார்கள். வாரியத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியவருக்குச் சொந்த யூனிட் ஒன்று மிச்சப்படுத்துவது அந்த அளவு. கூட்டாகச் செய்வதானாலும், பயன்படுத்துவோர் கையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருந்து, 51 சதவீத மின்சாரத்தையாவது அவர்களே செலவழிக்க வேண்டும். வீட்டு இணைப்பை வைத்துக்கொண்டு நீங்கள் அந்த ஆட்டத்துக்குள் போக முடியாது.

சரி, பங்குச் சந்தை? காற்றாலை தயாரிக்கும் சுஸ்லான் கம்பெனியின் கதையைக் கேளுங்கள். 2005-இல் சந்தைக்கு வந்தது, 2008 தொடக்கத்தில் பங்கு விலை 400 ரூபாயைத் தாண்டியது, 2020-இல் 2 ரூபாய்க்கும் கீழே. அந்த வருடங்களில் நாட்டில் காற்றாலைகள் கூடிக்கொண்டுதான் இருந்தன. கம்பெனியைச் சாய்த்தது கடன். ஜெர்மனியின் ரீபவர் என்ற காற்றாலைக் கம்பெனியை வாங்கும் அளவுக்கு வேகமாக வளரப் பார்த்து, 2012-இல் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் திருப்ப முடியாமல் நின்றது. பின்னால் ஓரளவு மீண்டது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வயதில் அந்தக் காத்திருப்பு தேவையா?

என் யோசனை: 20 லட்சத்தைத் தபால் நிலையத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். மூன்று லட்சம் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். மீதி இரண்டு லட்சம் உங்கள் ஆசைக்கு. சந்தையில் பட்டியலிட்ட பசுமை மின்சாரக் கம்பெனிகளில், போனால் போகட்டும் என்கிற மனதோடு. வீட்டு மாடியில் காத்தாடி வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கட்டடங்களுக்கு நடுவே காற்று சுழன்று அடிக்கும், உருப்படியாக ஓடாது. மாடிக்குச் சூரியத் தகடுதான் சரி. மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது.

இப்போது மேட்டாங்காடு. உண்மையில் நீங்கள் காற்றாலைக்குத் தரக்கூடிய பெரிய பங்கு இதுதான், கைப்பணமும் போடத் தேவையில்லை. விற்காதீர்கள், குத்தகைக்கே விடுங்கள். மூன்று ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 110 மீட்டர். இப்போது வரும் பெரிய காத்தாடிகளில் இறக்கை சுழலும் வட்டத்தின் விட்டமே 120 மீட்டரைத் தாண்டும். ஆகவே இறக்கை பக்கத்துக் காட்டுக்கு மேலேயும் போகும். பக்கத்துக்காரரின் சம்மதம் வாங்குவது கம்பெனியின் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வம்பு உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

வாடகை, காத்தாடி ஓடத் தொடங்கும் நாளிலிருந்து என்றுதான் பெரும்பாலும் வரைவு இருக்கும். கையெழுத்திட்ட நாளிலிருந்து என்று மாற்றுங்கள். காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஒரே தொகை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை உயர்வு. கம்பெனி வங்கியில் அடமானம் வைப்பது அதன் குத்தகை உரிமையை மட்டுமே, உங்கள் நிலத்தை அல்ல என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். கோபுரமும் சாலையும் போக மீதி இடத்தில் சோளம் விதைப்பதையோ ஆடு மேய்ப்பதையோ தடுக்கக்கூடாது. குத்தகை முடிந்தால் அடித்தளக் கான்கிரீட்டை யார் எடுப்பது என்பதையும் எழுதி, அதற்கு ஒரு வைப்புத்தொகை கேளுங்கள். எல்லாம் பேசி முடிந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். இந்த வாடகை விவசாய வருமானம் ஆகாது, வரிக்கணக்கில் காட்ட வேண்டும்.