மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்கலாமா?

கேள்வி: தண்ணீர் பாட்டிலில் வைத்திருந்த மண்ணெண்ணெயை என் இரண்டு வயது மகன் ஒரு மடக்கு குடித்துவிட்டான். மாமியார் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார். அப்புறம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான், இப்போது நலம். அன்று செய்தது சரிதானா?

பதில்: சரியில்லை. அதற்காக மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். விஷம் வெளியே வந்தால் நல்லதுதானே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மண்ணெண்ணெய் வயிற்றில் கிடக்கும்வரை பெரும்பாலும் அவ்வளவு தொந்தரவு இல்லை. நுரையீரலுக்குப் போனால்தான் வம்பு. சட்டென்று பரவும் திரவம் அது. வாந்தியோடு மேலே வரும்போது கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலே நுரையீரல் புண்ணாகி, இருமலும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்துவிடும். உப்புத் தண்ணீர் இன்னொரு ஆபத்து: ரத்தத்தில் உப்பு ஏறிக் குழந்தைக்கு வலிப்பே வரலாம். தொண்டைக்குள் விரல் விடுவது, பால், நெய் புகட்டுவது எதுவும் வேண்டாம். ஆசிட் குடித்திருந்தாலும் வாந்தி கூடாது. போகும்போது பொசுக்கியது திரும்பி வரும்போதும் பொசுக்கும்.

மண்ணெண்ணெய் பட்ட சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தை மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-ஐ அழையுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். குழந்தை சிரித்து விளையாடினாலும் ஆறு மணி நேரமாவது டாக்டர் கண்ணில் இருக்கட்டும்.

எலி பேஸ்ட் இதைவிட மோசம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் என்றால், முதல் நாள் வாந்தியோடு அடங்கிவிட்டதுபோல் இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துக் கல்லீரல் கெட ஆரம்பிக்கும். "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பூஜை அறைக் கற்பூரத்தையும் யாரும் விஷமாக நினைப்பதில்லை. கல்கண்டு என்று வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வந்துவிடக்கூடும்.

டில்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. போனில் பதிந்துகொள்ளுங்கள். தெருவில் வாங்கும் பினாயிலும் ஆசிட்டும் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில்தான் வருகின்றன. குழந்தைக்கு எழுத்து தெரியாது, பாட்டில் தெரியும். அதனால் லேபிள் ஒட்டிவிட்டேன் என்று இருந்துவிடாமல், பூட்டுள்ள அலமாரியில் மேல் தட்டில் வையுங்கள்.