நடுநிசி இரண்டு மணிக்குக் கிளம்பாதீர்கள்

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட். தீபாவளிக்கு முதன்முறையாக ஜொகூர் பாருவில் உள்ள அக்கா வீட்டுக்குக் காரில் போகிறோம். கூட 71 வயது அம்மா (இனிப்புநீர் உண்டு), மனைவி, 6, 9 வயதுப் பிள்ளைகள். நான் ஒருவன்தான் ஓட்ட வேண்டும். ஜேமுக்குப் பயந்து நடுநிசி இரண்டு மணிக்குக் கிளம்பி, எங்கும் நிற்காமல் போய்விடலாமா? நின்றால் எங்கே நிற்பது?

பதில்: வேண்டாம். பின்னிரவு இரண்டிலிருந்து ஆறு மணி வரை உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரம். காப்பி குடித்தாலும் கண்ணாடியை இறக்கினாலும் கண் அசந்துவிடும். வண்டியில் ஐந்து உயிர் இருக்கிறது. ஒன்பது மணிக்கே படுத்து, காலை ஐந்துக்குக் கிளம்புங்கள். டோல் கட்டும் டச் அண்ட் கோ கார்டில் முதல் நாளே பணம் போட்டு வையுங்கள்.

தூரம் சுமார் 550 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். அம்மாவுக்கு இது மிக முக்கியம், காலைத் தொங்கப்போட்டே உட்கார்ந்தால் வீங்கிவிடும். நெடுஞ்சாலை ஓய்விடங்களான ஆர் அண்ட் ஆர்கள் பண்டிகை நாளில் திருவிழாக் கூட்டம். அங்கே கழிப்பறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் டோலைத் தாண்டி ஊருக்குள் போங்கள்.

கெல்லி கோட்டையைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். 1915 வாக்கில் கட்டத் தொடங்கிய அந்த மாளிகைக்கு நம் தமிழர்களும் உழைத்தார்கள். பக்கத்து மாரியம்மன் கோயிலின் கூரையில், மாளிகையைக் கட்டிய கெல்லி துரைக்கே ஒரு சிலை நிற்கிறது. பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். ஆனால் அது பத்து காஜா பக்கம், உங்களுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் எட்டும் தூரம். இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள்.

முதல் நிறுத்தம் பீடோர். பசியாறிவிட்டு, அந்த ஊருக்குப் பேர்போன விதையில்லாக் கொய்யா இரண்டு கிலோ வாங்குங்கள். அசாம் பொய் தூள் (உப்பும் புளிப்புமான காய்ந்த பிளம் பழத் தூள்) தொட்டுத் தின்றால் பிள்ளைகள் கோலாலம்பூர் தாண்டும்வரை நச்சரிக்க மாட்டார்கள். அம்மாவுக்கும் அளவோடு கொடுக்கலாம், தூள் இல்லாமல். கோலாலம்பூர் நகருக்குள் நுழையவே வேண்டாம். ஷா ஆலாம் வழியாகச் சுற்றி, எலிட் நெடுஞ்சாலையில் போய், நீலாயில் மறுபடி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சேருங்கள். சிரம்பான் ஆர் அண்ட் ஆரில் பத்து நிமிடம் போதும்.

நீண்ட ஓய்வை மலாக்கா பக்கத்து ஆயர் குரோவில் எடுங்கள். மலாக்கா பட்டணத்துக்குள் போனால் பண்டிகைக் கூட்டத்தில் அரைநாள் போய்விடும். டோலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே தாவரவியல் பூங்கா இருக்கிறது. மிருகக்காட்சி சாலையும் அருகில்தான், ஆனால் அம்மாவை அவ்வளவு நடக்க வைக்க வேண்டாம். மர நிழலில் பாய் விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த கட்டுச்சோற்றைப் பிரியுங்கள். புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் மதியம் வரை கெடாது. அந்தக் காலத்தில் தோட்டத்து லோரியில் தைப்பூசத்துக்குப் போனவர்களும் இப்படிச் சோறு கட்டித்தான் போனார்கள், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். வேறெங்கும் கிடைக்காத கதைகள் அந்தப் பாயில் வரும். சாப்பிட்டதும் பிள்ளைகள் ஓடி விளையாடட்டும். நீங்கள் இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

அம்மாவின் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பின்னால் பெட்டிக்குள் வேண்டாம். இன்சுலின் போடுபவர் என்றால் அதை வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போகவே கூடாது. பசி வந்தபின் கடை தேடாமல், அவர் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்கு நிறுத்தங்களை அமைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஆயர் ஈத்தாமில் இறங்கி நடக்கலாம். சாலையோரம் வரிசையாக மண்பாண்டக் கடைகள். அக்கா வீட்டு வாசலுக்கு ஒரு பூச்சாடி வாங்குங்கள், பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரம்தான். வண்டியை எடுக்கும் முன் அக்காவுக்கு ஒரு போன் போட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள்.