ஊசி போட்டாச்சு, இனி பிசியோவுக்குத் தினமும் போகணுமா?

தோள்பட்டை வலி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நம் பிசியோதெரபிஸ்ட் பதில் சொல்கிறார்.

*கேள்வி: எனக்கு வயது 54. தையல் தொழில். சர்க்கரை உண்டு. நான்கு மாதமாக வலது தோளில் வலி. கையைப் பின்னால் கொண்டுபோய் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது, தலை பின்னவும் முடியாது. டாக்டர் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று சொல்லி மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார். வலி நன்றாகக் குறைந்துவிட்டது. பிசியோதெரபி போகச் சொன்னார். இங்கே ஒரு சென்டரில் 21 நாள் தொடர்ந்து வர வேண்டும், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். போய்வர இரண்டு பஸ் மாற வேண்டும். மருமகளோ, ‘எல்லாம் யூடியூபிலேயே இருக்கு அத்தை, வீட்டிலேயே செய்யுங்க’ என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது? – வாசகி, சின்னாளபட்டி*

மருமகள் பேச்சில் பாதியைக் கேளுங்கள் அம்மா. சென்டர்காரர்கள் பேச்சில் கால்வாசி போதும்.

முதலில் ஊசி என்ன செய்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃப்ரோசன் ஷோல்டரில் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை அழற்சியில் தடித்துச் சுருங்கிவிடுகிறது. ஸ்டீராய்டு அந்த அழற்சியைத் தணிக்கும், அதனால் வலி குறையும். சுருங்கிய உறையை அது நீட்டித் தராது. அசைவு திரும்புவதற்கு நீங்கள்தான் கையை அசைக்க வேண்டும். ஊசியின் பலன் நன்றாகத் தெரிவது சில வாரங்கள்தான். வலி அடங்கியிருக்கும் இந்த வாரங்களை, ‘சரியாகிவிட்டது’ என்று தையல் மெஷினிலேயே கழித்துவிடாதீர்கள். என்னிடம் வருபவர்களில் பலர் அப்படித்தான் கழித்துவிட்டு, இறுக்கம் அப்படியே இருக்க, ‘ஊசி வேலை செய்யலை மேடம்’ என்று வருகிறார்கள்.

சரி, சென்டரா, வீடா? உங்கள் கேள்விக்கு ஏறக்குறைய நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்று இருக்கிறது. 2003இல் கனடாவில் ஃப்ரோசன் ஷோல்டர் உள்ள 93 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஸ்டீராய்டு ஊசியும் 12 முறை நேரடி பிசியோதெரபியும். ஒரு குழுவுக்கு ஊசி மட்டும். மற்ற இரண்டு குழுக்களுக்கும் மருந்தில்லாத உப்புநீர் ஊசி, அதில் ஒன்றுக்கு மட்டும் பிசியோதெரபி. நான்கு குழுவுக்கும் எளிய வீட்டுப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆறு வாரத்தில் ஸ்டீராய்டு போட்டவர்கள் முன்னால் இருந்தார்கள். அவர்களிலும் பிசியோவிடம் போனவர்களுக்குக் கை சீக்கிரம் தூக்க வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எல்லாரும் ஒரே இடத்தில் நின்றார்கள்.

அதாவது, ஆள் பக்கத்தில் இருந்து செய்வித்தால் வேகம் கூடும். வீட்டில் ஒழுங்காகச் செய்பவரும் அதே இடத்துக்குத்தான் வந்து சேருகிறார். ஆனால் அந்த ஆய்வில் வீட்டில் செய்தவர்கள் வீடியோ பார்த்துச் செய்தவர்கள் இல்லை. ஒருவர் நேரில் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பினார். மருமகளிடம் நான் ஒத்துப்போகாத பாதி இதுதான்.

உங்களுக்கு நான் சொல்வது: 21 நாள் வேண்டாம். முதல் வாரம் ஒரு முறை, பத்து நாள் கழித்து ஒரு முறை, அப்புறம் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று போங்கள். போகும்போது ‘நான் செய்கிறேன், தப்பைச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். படுக்க வைத்து மெஷினை மாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போகும் இடமாக இருந்தால் அந்தப் பஸ் காசு வீண். மற்ற நாட்களில் வீட்டில் தினம் மூன்று வேளை, வேளைக்குப் பத்து நிமிடம் செய்யுங்கள். இதைச் சொல்வதற்கு என் தொழில்காரர்கள் சிலர் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

வீட்டுப் பயிற்சியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செய்வதற்கு முன் ஐந்து நிமிடம் வெந்நீர்ப் பையை வைத்துக்கொள்ளுங்கள். வலிக்காத கையை மேசையில் ஊன்றிக் குனியுங்கள். வலிக்கிற கை தளர்ந்து தொங்கட்டும், உடம்பை லேசாக அசைத்தால் கை தானாக ஆடும். தோளை வைத்து ஆட்டக் கூடாது. ஃப்ரோசன் ஷோல்டருக்கு 1934இல் அந்தப் பெயரை வைத்த அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் காலத்திலிருந்து சொல்லிக்கொடுக்கப்படும் பயிற்சி இது.

அடுத்து சுவர். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் படிப்படியாக மேலே ஏறுங்கள். எட்டிய உயரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவையுங்கள், ஞாயிறுதோறும் புதுப் பொட்டு. எல்லாரும் செய்யும் கள்ளத்தனம் ஒன்று இதில் உண்டு. கை ஏறாது, அதற்குப் பதில் தோள் காதை நோக்கி ஏறும். பொட்டு மேலே போகும், மூட்டு அசைந்தே இருக்காது. கண்ணாடி முன் நின்று பார்த்தால்தான் தெரியும், அல்லது என்னைப் போல ஒருவர் பின்னால் நின்று தோள்பட்டை எலும்பில் கை வைத்தால் தெரியும்.

மூன்றாவது, குடை. மல்லாந்து படுத்து, முழங்கையை மடக்கி விலாவோடு வையுங்கள். இடையில் ஒரு துண்டைச் சுருட்டிச் செருகுங்கள். இரண்டு கையாலும் குடையைப் பிடித்து, நல்ல கையால் தள்ளி, வலிக்கும் கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். துண்டு விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று அர்த்தம். ஃப்ரோசன் ஷோல்டரில் முதலில் இறுகுவதும் பிடிவாதம் பிடிப்பதும் இந்தத் திருப்பம்தான், அதனால் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுப்பது இப்போது வேண்டாம். கொக்கி மாட்டும் ஆசை புரிகிறது, அது பல வாரம் கழித்து.

எவ்வளவு வலி சரி? செய்யும்போது இழுக்கிற வலி இருக்கலாம். அரை மணியில் அடங்க வேண்டும். ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த நோய் அதிகம் வரும், மெதுவாகத்தான் போகும், மறு தோளுக்கும் வரலாம். அதனால் ஆறு வாரத்தில் பொட்டு நகரவில்லை என்றால் வீட்டுப் பயிற்சியோடு நிற்காமல், வாரம் இரண்டு முறை நேரில் போய் மூட்டைக் கையால் அசைத்துவிடும் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கை தூக்கவே பயப்படுபவர்கள், தனியாக இருப்பவர்கள், தானாகச் செய்ய மாட்டோம் என்று தங்களைத் தெரிந்தவர்கள், இவர்களுக்கும் ஆரம்பத்தில் நேரில் போவதுதான் நல்லது.

*கேள்வி: வயது 62. ஸ்கேனில் தோளின் தசைநாரில் அழற்சி என்று வந்தது. ஊசி போட்டு, பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரே முறை காட்டி, பயிற்சித் தாள் வாங்கிவந்து வீட்டில் செய்கிறேன். பக்கத்து வீட்டு நண்பர் அதே பிரச்சினைக்குத் தினமும் அல்ட்ராசவுண்ட் மெஷின் வைத்துக்கொள்கிறார். நான் கஞ்சத்தனம் செய்கிறேனோ? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், விருதுநகர்*

இல்லை சார். உங்களுடையது உறை சுருங்கும் நோய் இல்லை, தசைநார் நோய். இதற்கென்றே பிரிட்டனில் 708 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2021இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு ஆறு முறை வரை நேரில் வந்து படிப்படியாகக் கூட்டும் பயிற்சி. மீதிப் பேருக்கு உங்களைப் போல ஒரே முறை நல்ல ஆலோசனை, அப்புறம் வீட்டில். ஒரு வருட முடிவில் வலியிலும் கை வேலையிலும் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஊசி போட்டவர்களுக்கு எட்டாவது வாரத்தில் கொஞ்சம் கூடுதல் நிம்மதி இருந்தது, பிறகு அதுவும் இல்லை.

நண்பரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் தோள் வலிக்கு அந்த மெஷின் பெரிதாக உதவுகிறது என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு. உங்கள் தாளில் அசைவுப் பயிற்சி மட்டும் இருந்தால், பலப்படுத்தும் பயிற்சியும் கேட்டு வாங்குங்கள். ரப்பர் பட்டையோ அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோ போதும். தசைநாருக்கு மெதுவாகப் பாரம் கூட்டிப் பழக்கினால்தான் தாங்கும். கை திடீரென்று பலமிழந்து தூக்கவே முடியாமல் போனால், குறிப்பாகக் கீழே விழுந்த பிறகு, பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கிழிசலாக இருக்கலாம்.

*கேள்வி: அம்மாவுக்கு ஃப்ரோசன் ஷோல்டர். ஊசிக்குப் பிறகு ஒரு சென்டரில் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், அம்மா அலறுகிறார். வீட்டுக்கு வந்தால் இரவெல்லாம் தூக்கமில்லை. ‘வலிச்சாத்தான் விடும்’ என்கிறார்கள். உண்மையா? – வாசகர், தேனி*

இல்லை. வலி தீவிரமாக இருக்கும் கட்டத்தில் உறை ஏற்கெனவே அழற்சியில் இருக்கிறது, முரட்டுத்தனமாக இழுத்தால் இன்னும் சீறும். நெதர்லாந்தில் 77 நோயாளிகளை இரண்டு வருடம் பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்டார்கள். வலி எல்லையைத் தாண்டி இழுக்கப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏறக்குறைய வலியில்லாத, சாதாரணத் தோளுக்குத் திரும்பினார்கள். வலிக்கும் எல்லைக்குள் தாங்களே அசைத்தவர்களில் 89 சதவீதம். சின்ன ஆய்வு, எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் தோள்களைத் தொட்டுப் பார்த்த என் கையும் அதையேதான் சொல்கிறது. இடத்தை மாற்றுங்கள். ‘நிறுத்துங்க’ என்று அம்மா சொன்னால் நிறுத்துகிற ஆளிடம் போங்கள். வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகு கொஞ்சம் அழுத்தமாக நீட்டலாம், அதற்குக் காலம் இருக்கிறது.

*கேள்வி: தோளில் ஊசி போட்ட மறுநாள் காலைச் சர்க்கரை 290. பயமாக இருக்கிறது. – வாசகி, காரைக்குடி*

ஸ்டீராய்டு அப்படிச் செய்யும். பெரும்பாலும் சில நாட்களில், அதிகம் போனால் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும். அதுவரை அடிக்கடி பரிசோதியுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்ட வேண்டாம், சர்க்கரை டாக்டருக்குப் போன் செய்து எண்ணைச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் தோள் வலி சற்றுக் கூடுவதும் உண்டு, ஐஸ் ஒத்தடம் போதும், கனமாக எதுவும் தூக்காதீர்கள். காய்ச்சல் வந்தாலோ, ஊசி போட்ட இடம் சிவந்து சூடாகி வலி ஏறிக்கொண்டே போனாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

*கேள்வி: வயது 57. மாடிப்படி ஏறும்போது இடது தோள் வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது. கையைத் தூக்கினால் வலி இல்லை. எந்தப் பயிற்சி செய்யலாம்? – வாசகர், ராஜபாளையம்*

எந்தப் பயிற்சியும் வேண்டாம் ஐயா. கையை அசைத்தால் வராமல் படி ஏறினால் வரும் வலி தோளுடையதாக எனக்குத் தெரியவில்லை, இதயத்தைப் பார்க்க வேண்டும். உடனே ஒரு டாக்டரிடம் போய் ஈசிஜி எடுங்கள். இதழ் அச்சாகி வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்கள் எண்ணுக்கு அலுவலகத்திலிருந்தே பேசச் சொல்லிவிட்டேன்.