பிபி மெஷினுக்கு உரிமம்: எம்டி-3 போடும் முன் முடிக்க வேண்டிய வேலை

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறிய யூனிட் வைத்திருக்கிறோம். மேல்கையில் கட்டும் டிஜிட்டல் பிபி மெஷின் தயார். ஐஎஸ்ஓ 13485 சான்றிதழும் இருக்கிறது. விற்கத் தொடங்கலாமா?

பதில்: கூடாது. அந்தச் சான்றிதழ் உங்கள் தரமுறைக்கு மட்டுமே. விற்பதற்குத் தயாரிப்பு உரிமம் தனியாக வேண்டும். 2017 மருத்துவக் கருவிகள் விதிகளின்படி டிஜிட்டல் பிபி மெஷின் கிளாஸ் பி, அதாவது குறைவான ஆபத்துக்கும் மிதமான ஆபத்துக்கும் இடைப்பட்டது. உரிமம் தருவது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. சென்னையில் அதன் அலுவலகம் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில். விண்ணப்பப் படிவம் எம்டி-3, ஆன்லைனில் போட வேண்டும். தொழிற்கூடத்துக்கு 5,000 ரூபாய், ஒவ்வொரு கருவிக்கும் 500. கிடைக்கும் உரிமம் எம்டி-5.

ஆனால் எம்டி-3-க்கு அவசரப்படாதீர்கள். முதலில் டிசைனை இறுதி செய்யுங்கள். பிறகு சோதனைக்கான மெஷின்களைத் தயாரிக்க எம்டி-12 போட்டு, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓவிடம் எம்டி-13 சோதனை உரிமம் வாங்குங்கள். அதன் பிறகுதான் லேப். மின் பாதுகாப்புக்கு ஐஇசி 60601-1 தரநிலை, மின்காந்த இடையூறுக்கு (இஎம்சி) 60601-1-2, பிபி மெஷினுக்கென்றே 80601-2-30. இஎம்சி சோதனைக்கு வெளியூர் போக வேண்டாம், தரமணியில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சமீர் இருக்கிறது.

பெரும்பாலான கோப்புகள் சிக்குவது இங்கேதான். அறிக்கையில் சாஃப்ட்வேர் 1.2 என்றிருக்கும், பெட்டியில் போகும் மெஷினில் 1.3 ஓடும். விலை குறைவென்று அடாப்டரை மாற்றியிருப்பார்கள். அடாப்டர் மாறினால் கசிவு மின்னோட்டமும் மாறும், இஎம்சி முடிவும் மாறும். பழைய அறிக்கை அந்த மெஷினுக்குப் பொருந்தாது. மாடல் எண், சாஃப்ட்வேர் பதிப்பு, அடாப்டர், கஃப் (கையில் சுற்றும் பட்டை) அளவு நான்கும் எல்லா அறிக்கையிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

துல்லியத்துக்கு ஐஎஸ்ஓ 81060-2. குறைந்தது 85 பேரிடம் சோதிக்க வேண்டும். சராசரிப் பிழை 5 மிமீ பாதரசத்துக்குள், திட்ட விலக்கம் (பிழைகளின் சிதறல்) 8-க்குள். எண்ணிக்கையை விடக் கைச்சுற்றளவுதான் சோதிக்கும். உங்கள் கஃப் 22–42 செமீ என்றால், 85-இல் 17 பேருக்காவது கை 37 செமீக்கு மேல் இருக்க வேண்டும், 17 பேருக்காவது 27-க்குக் கீழ். வருபவர்களை வந்த வரிசையில் சேர்த்தால் கடைசியில் பெரிய கைக்காரர்களைத் தேடியே வாரங்கள் போய்விடும். முதல் நாளே டேப் வைத்து அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வருமுன் ஒருவர் கையிலும் கஃப் கட்டாதீர்கள்.

இவை கையில் வந்ததும் கருவிக் கோப்பு, தொழிற்கூடக் கோப்பு, ஐஎஸ்ஓ 14971 ஆபத்து ஆய்வு ஆகியவற்றோடு எம்டி-3. கிளாஸ் பி-க்கு உரிமத்துக்கு முன்பே ஆடிட் உண்டு. சிடிஎஸ்சிஓவில் பதிவுபெற்ற ஆடிட் நிறுவனமான நோட்டிஃபைடு பாடி 90 நாளுக்குள் வரும். அறிக்கை திருப்தியாக இருந்தால் 20 நாளில் உரிமம் தர வேண்டும் என்கிறது விதி. உங்கள் ஐஎஸ்ஓ சான்றிதழ் இந்த ஆடிட்டுக்கு ஈடாகாது, ஆனால் அதற்காகச் செய்த வேலை இங்கே பெரிதும் கைகொடுக்கும். அழுத்தத்தைச் சரிபார்க்கும் மாஸ்டர் மானோமீட்டரின் காலிபரேஷன் காலாவதியாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மருத்துவக் கருவித் தயாரிப்பிலோ சோதனையிலோ 2 ஆண்டு அனுபவமுள்ள பட்டதாரியோ 4 ஆண்டு அனுபவமுள்ள டிப்ளமோக்காரரோ ஒருவரும் பணியில் இருக்க வேண்டும்.

அட்டைப்பெட்டியை இப்போதே அச்சுக்குக் கொடுக்காதீர்கள். லேபிளில் உரிம எண் இடம்பெற வேண்டும். அது எம்டி-5 வந்தால்தான் தெரியும்.